பாப்பா உறங்கினால்தான் பொழுது சாயும்

சங்குமடையில் பொழுது சாயாமல் நின்றுபோன முதல் நாள், அதை ஒரு குறையாக எடுத்து வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் சுடலைக்கண்தான். பொழுது சாயாமல் பாட்டிலைத் தொட மாட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தவன் அவன், மேற்கே பனங்காட்டுக்கு மேல் பப்பாளிப் பழ நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, பீடிக்கட்டும் தீர்ந்து, கடைசியில் பொறுக்க மாட்டாமல், "இந்தச் சவம் இன்னைக்கு எப்பத்தான் போவும்?" என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி எட்டைத் தாண்டியிருந்தது. வெளியே மஞ்சள் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டீ மாஸ்டர் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார், அது ஒழுங்காகத்தான் ஓடியது, மாட்டிவிட்டு அடுத்த டீயைப் போட்டார்.

சங்குமடை உப்பளத்து ஊர். கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் பாத்தி பாத்தியாக வெயிலும் கடல்தண்ணியும்தான், நடுவில் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். அங்கே பிறந்தவர்களுக்குத் தண்ணீர் கல்லாக மாறுவது தினசரி வேலை, அதனால் அவர்கள் எதற்கும் லேசில் வாயைப் பிளப்பதில்லை. சூரியன் நின்றதா, சரி, எங்கே நின்றது, எதற்காக நின்றது, நமக்கு இதில் நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

எதற்காக நின்றது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க ஊர் ஒரு சத்தத்தைக் கேட்டும் கேளாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அது லிங்கதுரை வீட்டுக் கைப்பிள்ளை அழுகிற சத்தம். அந்தச் சத்தம் விக்கி, தேம்பி, இழுத்து, நின்றது. நின்ற அதே நொடியில் சூரியன் கிணற்றில் வாளி விழுந்த மாதிரி பனங்காட்டுக்குப் பின்னால் விழுந்தது. ஊரில் சோறு உலையில் கொதித்து அடங்குகிற நேரம் இருட்டாக இருந்தது. அப்புறம் பிள்ளை சிணுங்கியது, கிழக்கே கடல் சிவந்தது, சேவல்கள் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு கூவின, விடிந்துவிட்டது. மறுநாளும் இப்படி, அதற்கு மறுநாளும் இப்படி. லிங்கதுரை பிள்ளை உறங்கினால்தான் பொழுது சாயும், அவள் கண் விழித்தால் விடியும் என்பது ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்பதைப் போல ஊருக்குள் தெரிந்துபோனது.

லிங்கதுரை அம்பார மேட்டில் லாரிக்கு உப்பு ஏற்றுகிறவன். அவன் பெண்டாட்டி சண்முகக்கனி. அவர்களுக்குத் தவமிருந்து பிறந்த பிள்ளைக்கு மதுரவர்ஷினி என்று பெயர் வைத்திருந்தார்கள். வர்ஷினி என்றால் மழை என்று யாரோ சொல்லிவிட, உப்பளத்து முதலாளி பொன்னுலிங்கம் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். "உப்புல பொழைக்கிறவன் பிள்ளைக்கு மழைன்னா பேரு வைப்பான்? போக்கத்த பயலே!" என்று லிங்கதுரையைத் திட்டி, ஆனாலும் ஒரு வெள்ளிக் கொலுசு அனுப்பியிருந்தார். நல்லவேளை, ஊரில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, லிங்கதுரையின் அக்கா தங்கபுஷ்பம். புருசனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள், கனிக்கு மதினி. அந்த வீடு அவள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடாது. அவள் இருப்பதால் ஒரு நாளும் நிம்மதியாக ஓடாது. மதினிக்கு ஊரில் உள்ள சாஸ்திரம் எல்லாம் தெரியும், தெரிந்ததில் பாதிக்கு மேல் செய்யக் கூடாதவை. அதில் முதலாவது, விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் யாரும் படுத்துக் கிடக்கக் கூடாது, பச்சைப்பிள்ளையானாலும் எழுப்பி உட்கார வைக்க வேண்டும். வாசலுக்கு வருகிற மகாலட்சுமி, இங்கே எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள்போல என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவாளாம். இதைச் சொல்லும்போது எல்லா வீட்டிலும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மதினி சிரிக்க மாட்டாள். அவள் புருசன் ஒரு நாள் அந்திக்கு, அலுப்பாயிருக்கு புஷ்பம், கொஞ்சம் படுக்கேன் என்று சொல்லிப் படுத்தவர், விளக்கை வைத்துவிட்டு எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை.

ஆகையால் சூரியன் பனை மட்டையை நெருங்குகிற நேரம் வந்தால் மதினி ஈரக் கையோடு வந்து நிற்பாள்.

"ஏட்டி கனி, பிள்ள கண்ணு சொருகுது பாரு. எழுப்புட்டி. விளக்கு வைக்கிற நேரம்."

"இப்பத்தான் மதினி கண்ண மூடுதா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

ஈரக் கை பாப்பாவின் உள்ளங்காலில் படும், பாப்பா துள்ளி விழித்து, வானத்துக்கும் பூமிக்கும் அழுவாள். பனை மட்டையைத் தொடப் போன சூரியன் அங்கேயே நிற்கும். சூரியன் மட்டையைத் தொட்டால்தான் விளக்கு. தொடாததால் விளக்கு வைக்கிற நேரம் இன்னும் முடியவில்லை. முடியாததால் பாப்பா மறுபடி கண் சொருகும்போது மதினி மறுபடி ஈரக் கையோடு வருவாள். இப்படியே போய்ப் போய், இனிமேல் இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது என்கிற அளவுக்கு அலுத்து அவள் விழுகிறபோதுதான் சூரியனும் விழும், விளக்கு வைக்கக்கூட அவகாசம் தராமல். அவ்வளவு அலுத்து விழுகிற பிள்ளையாவது அசந்து உறங்கும் என்று பார்த்தால், உறங்காது. உறக்கத்திலும் தேம்பித் தேம்பி, சீக்கிரமே அலறி எழுந்துவிடும். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், அளவுக்கு மிஞ்சி அலுத்த பிள்ளைக்கு உறக்கம் பிடிக்காது. தெரிந்தும் என்ன, சங்குமடையில் பிள்ளை பெறாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

ஊர் பேசிய பேச்சுக்கு அளவு கிடையாது. பால் பற்றவில்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனால், பால் கூடிப்போய்ப் பிள்ளைக்கு வயிறு உப்புசம் என்று இன்னொருத்தி வந்தாள். தூக்கும்போது சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது என்று ஒரு கிழவர் பாப்பாவைச் சேலையில் போட்டு உருட்டினார். வசம்பைச் சுட்டு உரசு என்றார்கள், சாதிக்காயை உரசு என்றார்கள், இரண்டையும் உரசினால் தலையைத் திருப்பிக்கொள்கிற பிள்ளையைப் பார்த்து, இது பிள்ளையா பிசாசா என்றார்கள். கண்ணேறு என்று சொன்னவர்கள்தான் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உப்புக்கு ஊரில் என்ன பஞ்சம், கை கையாக உப்பு அள்ளி வந்து பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட, அது படபடவென்று வெடிக்க, அப்போதுதான் கண் அசந்த பாப்பா அலறி எழுந்தாள். "எம்புட்டு வெடிக்குது பாத்தியா, அம்புட்டும் கண்ணு!" என்று சந்தோசமாகப் போனார்கள். போகும்போது தொட்டிலுக்குள் தலையை விட்டு, கன்னத்தைக் கிள்ளி, உறங்குடா தங்கம் என்று காது கிழியச் சொல்லிவிட்டும் போனார்கள். பட்டணத்திலிருந்து வானத்தை அளக்கிற ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள். சூரியனையும் பார்த்து, பிள்ளையையும் பார்த்து, இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை, குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். பக்கத்து ஊர்க் குழந்தை டாக்டர் பாப்பாவின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்து, பிள்ளை நல்லாத்தான் இருக்கு, எடை மட்டும் இறங்கிக்கிட்டு வருது, ஒழுங்காத் தூங்க வையிங்க என்றார். கனிக்கு அவர் மேஜையைக் கவிழ்க்கலாமா என்று வந்தது.

அதற்குள் ஊர் பழகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவதெல்லாம் இந்த இடத்தில்தான். சூரியன் நின்றதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், அது பாட்டுக்கு நின்றது. ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தி நிற்கவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செவ்வானத்துக்கு அடியில் நடந்துகொண்டிருக்கும்போது, ஊர் அதற்குத் தகுந்த மாதிரி ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டது. பக்கத்து ஊரிலிருந்து கடைசி பஸ் நல்ல இருட்டில் புறப்பட்டு, பாலத்தைத் தாண்டியதும் வெளிச்சத்துக்குள் நுழையும். டிரைவர் ஹெட்லைட்டை அணைப்பார், கண்டக்டர், "பகலூர்லாம் எறங்கு" என்பார், ஜனங்கள் தூக்கக் கலக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்தி வந்தால் மலர்கிற மல்லிகை மொட்டாகவே கருகியது, மொட்டாகவே வாங்கிச் செருகக் கற்றுக்கொண்டார்கள். மாதா கோயிலில் மாலை மணியைக் கடிகாரம் பார்த்து அடித்தார்கள், அம்மன் கோயில் பண்டாரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருட்டில் அர்த்தசாமப் பூசையை முடித்தார். சுடலைக்கண் மட்டும் சத்தியத்தை மீற மனசில்லாமல் தினமும் பஸ் ஏறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வந்தான். பகலில் பாப்பா கண் அசந்தால் பொழுது சாயாது, ஒரு மேகம் வந்து சூரியனை மூடும், அவ்வளவுதான். ஆனால் உப்பளத்துக்காரனுக்கு மேகத்தைக் கண்டால் ஆகாது, அதனால் மேகம் வந்தால் யாராவது வந்து லிங்கதுரை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

முதலாளி பொன்னுலிங்கத்துக்குத்தான் யோகம். வெயில் நீள நீள உப்பு விளைந்தது, அம்பாரம் அம்பாரமாக ஏறியது. அதைவிடப் பெரிய யோகம் ஒன்று இருந்தது. சங்குமடையில் விளக்கு வைத்த பிறகு உப்பு ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. அது எந்த ஊரிலும் உள்ளதுதான், விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் ஒரு கை உப்புக் கொடுக்க மாட்டோம் இல்லையா. இங்கே அது லாரிக்கும் பொருந்தும். அம்பார மேட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற வீடு லிங்கதுரை வீடுதான். அந்த வாசலில் விளக்கு ஏறினால் லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டையை இருக்கிற இடத்தில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முதலாளியின் அப்பா காலத்திலும் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான். இப்போது விளக்கே ஏறுவதில்லை, ஆகவே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. லிங்கதுரையும் மற்றவர்களும் தோள் தோலுரிய ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், நின்றுகொண்டே கண் அசந்தார்கள், மூட்டையோடு விழுந்தார்கள்.

முதலாளி ஒரு நாள் கார் வைத்துக்கொண்டு பாப்பாவைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பொம்மைக் குரங்கு, சாவி கொடுத்தால் கொட்டு அடிக்கும்.

"பிள்ளைன்னா இப்டி இருக்கணும், நல்லா முழிச்சிக்கிட்டு. உறங்குற பிள்ள மந்தமாப் போயிரும் பாத்துக்க" என்றார்.

கனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தலை சீவி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "அப்ப ஒங்க வீட்டுக்குக் கொண்டுபோயி நாலு நாளு வச்சிக்கிடுங்க மொதலாளி. கொரங்கையும் எடுத்துக்கிடுங்க."

முதலாளி சிரித்துச் சமாளித்துக்கொண்டு போனார். குரங்கு மட்டும் தொல்லையாக வீட்டிலேயே கிடந்து, யாராவது காலில் இடறினால் தானாகக் கொட்டு அடித்தது.

கனிக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையின் கன்னம் ஒட்டியது. சுவரில் சாய்ந்து நின்றபடி அவள் உறங்கிப் போன ஒரு பொழுதில் பாப்பா தோளிலிருந்து நழுவி, மதினி பாய்ந்து பிடித்தாள். பிடிக்காமல் இருந்திருந்தால் பிள்ளை தரையில்தான். கனி அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தன் பிள்ளையைத் தானே கொன்றுவிடுவோமோ என்று அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அந்த வாரத்தில்தான் மதினி பக்கத்து ஊருக்குக் காதுகுத்துக்குப் போனாள். போகும்போது, விளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளைய எழுப்பிரு என்று பஸ் படியில் நின்றும் சொன்னாள், ஜன்னல் வழியாகவும் சொன்னாள். கனி சரி சரி என்று தலையாட்டினாள். எழுப்பத்தான் நினைத்தாள், சத்தியமாக. ஆனால் அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, கனி பாப்பாவைப் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூரியன் பனங்காட்டுப் பக்கம் இறங்க இறங்க, பாப்பா விளையாடிக்கொண்டிருந்த கிலுகிலுப்பையை விட்டாள். எங்கேயோ வெறித்துப் பார்த்தாள். ஒரு கொட்டாவி விட்டாள். பிறகு இடது காதைப் பிடித்து இழுத்தாள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. கனிக்குச் சட்டென்று தோன்றியது: இவள் தினமும் இந்த நேரத்தில்தானே காதை இழுக்கிறாள், நாம் தினமும் இந்த நேரத்தில்தானே எழுப்புகிறோம்! அவள் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்து, கண் முழுக்க மூடுவதற்கு முன்னாலேயே தொட்டிலில் இட்டாள். ஒரு அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. பாப்பா ஒரு பெருமூச்சு விட்டாள். வெளியே சூரியன் நல்ல பிள்ளையாக, மெதுவாக, மட்டையைத் தொட்டு, மட்டைக்குக் கீழே போய், நாலு பக்கமும் சாம்பல் பூத்து, ஊர் மறந்தே போயிருந்த அந்தி வந்தது. கனி ஓடிப்போய் வாசலில் விளக்கை வைத்தாள்.

அம்பார மேட்டில் பாதி லோடு ஏறிய லாரிகள் அப்படியே நின்றன. கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். முதலாளியே வந்து நின்றார், பின்னால் நாலு லாரி டிரைவர்கள் ஆரன் அடித்தார்கள், பாப்பா வீரிட்டு எழுந்தாள், கிழக்கே கடல் சிவந்தது.

ஆனால் கனி பார்த்துவிட்டாள். பார்த்ததை இனி யாராலும் பிடுங்க முடியாது.

காதுகுத்து விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த மதினியிடம் அவள் சொன்னாள். மதினி காதில் கை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல உறங்க விட்டியா? ஏட்டி, ஒனக்கு என்ன தைரியம்! அந்த நேரத்துல படுத்தவரு எந்திரிக்கல கனி, நான் தொட்டுப் பாத்தேன், கை சில்லுன்னு இருந்துச்சு…"

"அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி மதினி. விளக்குக்கும் அதுக்கும் என்ன இருக்கு? இவ எந்திரிச்சா மதினி. நல்லா உறங்கி எந்திரிச்சா. இவனுவ எழுப்பாட்டா இன்னும் உறங்கியிருப்பா."

"நீ என்ன சொன்னாலும் எனக்கு மனசு கேக்காது. விளக்கு வச்சாச்சின்னா அப்புறம் விடிய விடிய உறங்கட்டும், நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்ன ஆவாது."

கனி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு வைத்தால் பிள்ளை உறங்கலாம். பிள்ளை உறங்கினால் சூரியன் மட்டையைத் தொடும். மட்டையைத் தொட்டால் விளக்கு வைக்கலாம். செக்குமாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"ஏன் மதினி, ஐப்பசி மழையில சூரியனே தெரியாதுல்லா, அப்ப எத வச்சி விளக்கு வைப்பிய?"

"ஒரு உத்தேசத்துலதான்."

"அன்னைக்கு மகாலட்சுமி வராமலா போனா?"

மதினி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் வாயை அடைக்கிற வேறு வேலை எதுவும் அப்போது கைவசம் இல்லை.

மறுநாள் கனி பாப்பாவுக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, பழைய மல் துணிச் சட்டை போட்டு, ஜன்னலுக்கெல்லாம் தன் கல்யாணச் சேலை வரைக்கும் எடுத்துக் கட்டி வீட்டை இருட்டாக்கி, கொட்டு அடிக்கிற குரங்கைக் கிணற்றில் போட்டாள். அப்புறம் விளக்கைத் துலக்கி, திரி போட்டு, எண்ணெய் விட்டு, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிற நேரத்தில், சூரியன் பனைக்கு மேலே எங்கேயோ உயரத்தில் காய்ந்துகொண்டிருக்கும்போது, கொண்டுவந்து வாசலில் ஏற்றினாள். வெயிலில் சுடர் தெரியவே இல்லை. திரிக்கு மேலே காற்று மட்டும் நடுங்கியது. அது போதும், அம்பார மேட்டில் இருந்தவர்கள் அவள் குனிந்து, நிமிர்ந்து, கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்துவிட்டார்கள்.

லிங்கதுரை தோளில் மூட்டையோடு லாரிப் பலகையில் பாதி ஏறியிருந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். மேற்கே பார்த்தான். பிறகு திரும்பி இறங்கி, மூட்டையை அம்பாரத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"என்னல செய்யுத?" என்று முதலாளி கத்தினார்.

"விளக்கு வச்சாச்சி மொதலாளி."

"பட்டப்பகல்ல எவளாவது விளக்கு வைப்பாளால?"

"வச்சிட்டால்லா. நான் வைக்கச் சொல்லல. ஆனா வச்ச பொறவு உப்பத் தூக்கிக் குடுக்கவன் நானா இருக்க மாட்டேன்."

ஒவ்வொரு மூட்டையாக இறங்கியது. விளக்கு பகலில் ஏறினால் செல்லுமா செல்லாதா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கிற ஆளாக இருக்க யாருக்கும் விருப்பம் இல்லை. அதைவிட, கால் வலிக்காதவன் அந்த மேட்டில் ஒருவன்கூட இல்லை. முதலாளி தானே ஒரு மூட்டையைத் தூக்கப் போனார். தூக்க முடியவில்லை என்பது ஒன்று. தூக்கியிருந்தாலும் அவர் அப்பா முகம் ஞாபகம் வந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே லிங்கதுரை வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. கையில் உப்போடு ரெண்டு பேர், சாதிக்காயோடு ஒருத்தி.

உள்ளே பாப்பா அழுதுகொண்டிருந்தாள். அத்தனை நாள் அலுப்பு ஒரே நாளில் போகுமா, கனி தொட்டிலில் இட்டதும் முறுக்கிக்கொண்டு அழுதாள். கனி அவளைத் தூக்கவில்லை, ஆட்டவும் இல்லை; பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சின் மேல் லேசாகக் கையை வைத்து, ஒரே ராகத்தில், உஸ் உஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. வாசலில் ஆள் நெரிசல் கேட்டது. இவர்கள் உள்ளே வந்தால் எல்லாம் முடிந்தது, இன்றைக்கும் விட்டால் நாளைக்குப் பிள்ளையைத் தூக்கத் தன் கையில் தெம்பு இருக்காது என்று கனிக்குத் தெரியும். மதினி ஈரக் கையோடு தொட்டில் அருகே நின்றுகொண்டிருந்தாள்.

"மதினி" என்றாள் கனி, திரும்பாமல்.

மதினி தன் கையைப் பார்த்தாள். பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், விளக்கைக் கும்பிட்டு, நிலைப்படியில் கால் விரித்து நின்றாள்.

"எங்க வாறிய எல்லாரும்? விளக்கு வச்சாச்சி. பிள்ள இனி உறங்கலாம்."

"தங்கபுஷ்பம், இது என்ன புதுச் சட்டம்?" என்றார் முதலாளி.

"ஒங்க சட்டந்தான் மொதலாளி. விளக்கு வச்ச பொறவு உப்பு போவக் கூடாதுன்னா, உப்பு கேட்டு இந்தப் படியில மிதிக்கவும் கூடாது. போங்க." உப்போடு வந்தவர்களில் ஒருத்தியைப் பார்த்து, "ஏட்டி, அதைக் கீழ கொட்டிராத, வீட்டுக்குக் கொண்டு போ" என்றாள். குரலை மட்டும் தாழ்த்தியே பேசினாள், தங்கபுஷ்பம் அத்தனை தாழ்ந்து பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை, அதற்கே பயந்து கூட்டம் பின்வாங்கியது.

உள்ளே அழுகை ஏறி, இறங்கி, இடைவெளி விட்டு, தேம்பி, இன்னொரு தேம்பல், அப்புறம் ஒன்றும் இல்லை. ஊர் தெருவில் நின்று மேற்கே பார்த்தது. மேகம் ஒன்றும் வரவில்லை, விளக்கு வைத்த பிறகு உறங்குகிற உறக்கம் பகல் உறக்கம் இல்லையே. பனைக்கு மேலே உயரத்தில் இருந்த சூரியன், படியில் கால் வைத்து இறங்குகிற மாதிரி இறங்கி வந்து, மட்டையைத் தொட்டு, போனது. கனி வீட்டு வாசலில் அத்தனை நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்த சுடர் அப்போதுதான் தெரிந்தது. சுடலைக்கண் பாட்டிலை எடுக்க மறந்து அங்கேயே மண்ணில் படுத்து உறங்கிவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி ஒரு தடவை பாப்பா சிணுங்கினாள். கிழக்கே கடல் ஓரத்தில் நகம் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது, ஒரு சேவல் தொண்டையைச் செருமியது, ஊர் முழுக்கப் பாயில் எழுந்து உட்கார்ந்து, ஐயோ மறுபடியுமா என்றது. தொட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மதினியின் கை தன்னால் பிள்ளையை நோக்கிப் போனது. கனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பொறுங்க மதினி. பாப்பா தலையை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, விரல் ஒவ்வொன்றாகத் தேடி, கட்டைவிரலைக் கண்டுபிடித்து வாயில் வைத்து, தன்னால், யாரும் தொடாமல், மறுபடி உறங்கினாள். கடல் ஓரத்துச் சிவப்பு உள்ளே போனது. ஊர் திரும்பிப் படுத்தது. கனியும் மதினியின் கையைப் பிடித்தபடியே உறங்கிப் போனாள்.

பாப்பா கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. தொட்டிலுக்குள் கிடந்து காலைத் தூக்கி விளையாடி, ஆ என்று ஒரு சத்தம் போட்டாள். மதினி ராத்திரி உட்கார்ந்த மேனிக்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கனியின் பிடியில் இருந்த கை மரத்துப் போயிருந்தது, எடுத்தால் அவள் விழித்துக்கொள்வாள் என்று எடுக்கவில்லை. மற்ற கையின் விரலை உதட்டில் வைத்துப் பாப்பாவைப் பார்த்தாள்.

"சத்தங்காட்டாத தாயி" என்றாள். "ஒங்க அம்ம உறங்குதா."